இத்தனை நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒரே கடலில் கூடி என்னதான் செய்கின்றன?

கேள்வி இதுதான்: ஹவாய்த் தீவுகளுக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ரிம்பாக் போன்ற பன்னாட்டுக் கடற்பயிற்சிகளில் உண்மையில் என்ன நடக்கிறது? படை பலத்தைக் காட்டும் அணிவகுப்பா? நாளைக்கு எதிரே வந்து நிற்கக்கூடிய நாட்டையும் சில சமயம் அழைக்கிறார்களே, ஏன்? இதனால் கடலுக்குக் கேடு ஒன்றும் இல்லையா?

நான் வணிகக் கப்பல்களில் டெக் அதிகாரியாக நெடுநாள் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலின் முதல் பாடமே இன்னொரு கப்பலை நெருங்காதே என்பதுதான். நடுக்கடலில் எதிரே வரும் கப்பல் ஒரு கடல் மைலுக்குள் நம்மைக் கடக்கும் என்று ரேடார் சொன்னால் போதும், தூங்கிக்கொண்டிருக்கும் கேப்டனை எழுப்பிவிடுவோம். அதனால்தானோ என்னவோ, ரிம்பாக் என்றதும் எனக்கு ஏவுகணை நினைவுக்கு வருவதில்லை. இரண்டு பெரிய கப்பல்கள் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு, ஒரே வேகத்தில், பக்கத்தில் பக்கமாக மணிக்கணக்கில் ஓடும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் வேறு வேறு நாட்டுக் கப்பல்கள். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேடையில், நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததே இருக்காது.

போருக்கான ஒத்திகை என்பது உண்மைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி நடக்கும் ஐந்து வாரத்தில் பெரும்பகுதி நேரம் செலவாவது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இடிக்காமல், தவறாகப் புரிந்துகொள்ளாமல், சுட்டுவிடாமல் இருக்கப் பழகுவதில்தான். அது எவ்வளவு கடினம் என்பது கரையில் இருப்பவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ரிம்பாக் 1971 இல் தொடங்கியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் என்று ஐந்தே நாடுகள். முதலில் ஆண்டுதோறும் நடந்தது. 1974 க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றானது. நடத்துவது அமெரிக்கப் பசிபிக் கடற்படை, கூடுமிடம் ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளம். 2024 இல் 29 நாடுகள், 40 போர்க்கப்பல்கள், 3 நீர்மூழ்கிகள், 150 க்கும் மேற்பட்ட விமானங்கள், 25,000 க்கும் மேற்பட்ட ஆட்கள் என்று வளர்ந்து நின்றது. உலகத்திலேயே பெரிய கடற்பயிற்சி இதுதான். கொரோனா காலத்தில், 2020 இல் மட்டும், யாரும் கரையில் கால் வைக்காமல் பத்து நாடுகளோடு இரண்டே வாரத்தில் முடித்தார்கள்.

நாற்பது கப்பல்கள் ஒரே திசையில் அணிவகுத்துப் போகும் வான்வழிப் படம் ஒன்று ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் வரும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் இதை அணிவகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். படம் எடுப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாளிலும் நாற்பது கப்பல்களைக் குறித்த இடைவெளியில் நிறுத்தி ஓட்டுவது லேசான காரியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே கட்டளை ஒரே பொருளில் புரிய வேண்டும். புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, ரிம்பாக் தொடங்குவதற்கு இரண்டே ஆண்டு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1969 ஜூன் 3, அதிகாலை மூன்று மணி. தென்சீனக் கடலில் 'சீ ஸ்பிரிட்' என்ற கூட்டுப் பயிற்சி. சீட்டோ என்ற அன்றைய தென்கிழக்கு ஆசிய ராணுவக் கூட்டணி நாடுகளின் கப்பல்கள் விளக்குகளை அணைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியாவின் விமானந்தாங்கிக் கப்பல் மெல்போர்ன், விமானத்தைக் கிளப்பத் தயாரானது. ஒரு விமானம் கடலில் விழுந்தால் விமானியைத் தூக்குவதற்கு, பின்னால் ஒரு சிறு கப்பல் காவலுக்கு வர வேண்டும். அந்த வேலை அமெரிக்காவின் ஃபிராங்க் ஈ. எவன்ஸ் என்ற நாசகாரிக் கப்பலுக்கு வந்தது. எவன்ஸின் பிரிட்ஜில் அப்போது இருந்தவர்கள் அனுபவம் குறைந்த இளம் அதிகாரிகள், கேப்டன் தூக்கத்தில் இருந்தார். மெல்போர்ன் எந்தத் திசையில் போகிறது என்பதைத் தவறாகக் கணித்து, விலகிப் போய்ப் பின்னால் வர வேண்டியவர்கள் அதன் அணியத்துக்கு (முன்முனைக்கு) நேர் குறுக்கே திரும்பிவிட்டார்கள். மோதலில் எவன்ஸ் இரண்டாக வெட்டுப்பட்டது. முன்பாதி சில நிமிடங்களில் மூழ்கியது. 74 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள்.

இதில் என்னை உலுக்குவது என்னவென்றால், இரண்டு கப்பலிலும் பேசியது ஆங்கிலம்தான். மொழி தடையாக இல்லை. போதாததற்கு, மெல்போர்ன் ஐந்து ஆண்டு முன்பு, 1964 இல், தன் சொந்த நாட்டுக் கப்பலான வாயேஜரை இதே மாதிரி வெட்டி 82 பேரைப் பலி கொடுத்திருந்தது. அந்தக் கதையைச் சொல்லி எச்சரிக்க, பயிற்சித் தொடக்கத்தில் காவல் கப்பல்களின் கேப்டன்களை மெல்போர்ன் கேப்டன் ஸ்டீவன்சன் விருந்துக்கு அழைத்துப் பேசியும் இருந்தார். அப்படியும் நடந்தது. அவர்மேல் ராணுவ விசாரணை நடந்து குற்றமற்றவர் என்று தீர்ப்பானது தனிக்கதை. எச்சரிக்கை கேட்டவர்கள் கேப்டன்கள். நள்ளிரவில் பிரிட்ஜில் நின்றவர்கள் வேறு ஆட்கள். கூட்டுப் பயிற்சியை ஏன் இவ்வளவு ஆட்களோடு, இத்தனை நாள், திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இந்த இரவுதான். தளபதிகள் கைகுலுக்கினால் போதாது. அதிகாலை மூன்று மணிக்குக் காவல் முறையில் பிரிட்ஜில் நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கும் பொண்ணுக்கும் அந்தப் பழக்கம் உடம்பில் ஏற வேண்டும்.

சரி, அந்தப் பழக்கத்தை எப்படி ஏற்றுகிறார்கள்? கப்பல்கள் வந்ததும் நேராகக் கடலுக்குப் போவதில்லை. முதல் ஒன்றரை, இரண்டு வாரம் துறைமுகத்திலேயே இருக்கும். இதற்குப் பெயரே துறைமுகக் கட்டம். வரைபடத்தைப் பரப்பி வைத்து, எந்தக் கப்பல் எந்த நேரம் எங்கே இருக்கும், யார் யாருக்குக் கட்டளை இடுவார், எந்த அலைவரிசையில் பேசுவது, சுடும் பயிற்சியில் ஏதாவது தப்பு நடந்தால் எந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று பேசித் தீர்ப்பார்கள். சாயங்காலம் ஒருவர் கப்பலுக்கு ஒருவர் போய் விருந்து, கால்பந்து, கைப்பந்து எல்லாம் உண்டு. இதைப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். வானொலியில் கேட்கப்போகும் குரலுக்கு ஒரு முகம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. வேறு நாட்டுக்காரர் பேசும் ஆங்கிலத்தின் இழுவை காதுக்குப் பழகுவதும் அங்கேதான்.

பேச்சைக்கூட முழுக்க நம்புவதில்லை. நேட்டோ நாடுகள் தங்களுக்கென்று ஒரு சமிக்ஞைப் புத்தகம் வைத்திருந்தன. நேட்டோவில் இல்லாத கடற்படைகளும் பயன்படுத்தும்படி அதன் ரகசியமில்லாத வடிவங்களை வெளியிட்டார்கள். இன்று உலகத்தின் பெரும்பாலான கடற்படைகள் ஒன்றாக ஓடும்போது கையில் வைத்திருப்பது அந்த வகைப் புத்தகங்களைத்தான். ஓர் எடுத்துக்காட்டு: வரிசையாகப் போகும் கப்பல்களைத் திருப்ப 'டர்ன்' என்று ஒரு கட்டளை, 'கார்ப்பென்' என்று இன்னொரு கட்டளை. 'டர்ன்' என்றால் எல்லாக் கப்பலும் அதே நொடியில், அவை இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். 'கார்ப்பென்' என்றால் முன்னே போகும் கப்பல் திரும்பிய இடத்துக்கு வந்த பிறகே அடுத்தது திரும்ப வேண்டும், ரயில் பெட்டிகள் போல. ஒருவர் இதையும் அடுத்தவர் அதையும் செய்தால் ஒன்றரை நிமிடத்தில் மோதல். அதனால் கட்டளையைச் சொல்லி, எல்லோரும் கேட்டதாகப் பதில் சொன்ன பிறகு, 'ஸ்டாண்ட் பை, எக்ஸிக்யூட்' என்ற சொல் வரும்வரை யாரும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார்கள். கொரியாக்காரரும் சிலிக்காரரும் இந்தியரும் ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் திரும்புவதை எங்களைப் போன்ற வணிகக் கப்பல்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் வியந்து போவோம்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்தக் காட்சிக்கு வருகிறேன். ஓடும் கப்பலுக்கு ஓடும் கப்பலிலிருந்து எரிபொருள் ஏற்றுவது. துறைமுகமே இல்லாத நடுக்கடலில் ஒரு கடற்படையை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பது இந்த வித்தைதான். டேங்கர் ஒரே திசையில், ஏறக்குறைய 12 இலிருந்து 15 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில், கொஞ்சமும் மாறாமல் ஓடும். தயார் என்பதற்கு அடையாளமாக 'ரோமியோ' கொடியை ஏற்றும். எண்ணெய் வேண்டிய கப்பல் பின்னாலிருந்து கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வந்து, பக்கத்தில் இணையாக வந்ததும் வேகத்தைக் குறைத்து ஒட்டிக்கொள்ளும். இடைவெளி நாற்பது, ஐம்பது மீட்டர்.

இங்கேதான் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். ஓடும் கப்பலின் முன்பக்கத்தில் தண்ணீர் அழுத்தம் அதிகம், அது பக்கத்துக் கப்பலைத் தள்ளும். நடுப்பகுதியில் இரண்டு கப்பலுக்கும் இடையே தண்ணீர் வேகமாகப் பாய்வதால் அழுத்தம் குறையும், அது இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். முதலில் தள்ளிவிட்டு அப்புறம் இழுக்கிற இந்த நீரோட்டத்தில் நேர்கோட்டில் நிற்க, ஸ்டியரிங்கில் அரை டிகிரி, ஒரு டிகிரி என்று ஓயாமல் திருத்த வேண்டும். கப்பலிலேயே கைதேர்ந்த ஆளைத்தான் அந்த நேரம் ஸ்டியரிங்கில் நிறுத்துவார்கள்.

பிறகு ஒரு துப்பாக்கியால் மெல்லிய கயிற்றை அடுத்த கப்பலுக்குச் சுட்டு அனுப்புவார்கள். அந்தக் கயிற்றில் கட்டி அதைவிடத் தடித்த கயிறு, அதில் கட்டி இரும்பு வடம், அந்த வடத்தில் தொங்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய் என்று ஒன்றை ஒன்று இழுத்துப் போகும். இன்னொரு கயிற்றில் வண்ணக் கொடிகள் சீரான இடைவெளியில் கட்டியிருக்கும், இரவானால் அந்த இடத்தில் விளக்குகள். அதைப் பார்த்துத்தான் கேப்டன் இடைவெளியைக் கணிப்பார். குழாயின் முனை அடுத்த கப்பலின் வாய்க்குள் போய்ப் பொருந்தியதும் எண்ணெய் பாயத் தொடங்கும். ஆபத்தான சரக்கு ஏறுகிறது என்பதற்குச் சிவப்பு நிற 'பிராவோ' கொடி பறக்கும்.

அந்த முனை பொருந்துவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு நாட்டு டேங்கரின் குழாய் இன்னொரு நாட்டுக் கப்பலின் வாயில் பொருந்துகிறது என்றால், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ உட்கார்ந்து அளவு பேசி ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எண்ணெய்க்கான கணக்கும் அப்படித்தான். இந்தியாவும் அமெரிக்காவும் 2016 இல் கையெழுத்திட்ட லெமோவா என்ற ஒப்பந்தம், இரு நாட்டுப் படைகளும் ஒன்றுக்கொன்று எரிபொருளும் பொருளும் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ள வழிசெய்தது. 2018 இல் வந்த காம்காசா, அமெரிக்காவின் ரகசியத் தகவல் தொடர்புக் கருவிகளை இந்தியா வாங்கிப் பொருத்த வழி திறந்தது. இவை செய்தியில் அரசியல் ஒப்பந்தங்களாகத் தெரியும். கடலில் அவை குழாயாகவும் ரேடியோவாகவும் இருக்கின்றன.

எண்ணெய் ஏற்றும்போது ஒரு கப்பலின் சுக்கான் திடீரென்று சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கும் தனி ஒத்திகை உண்டு. குழாயைக் கழற்றி, வடத்தை விட்டு, கயிறுகளை அறுத்து, இரு கப்பலும் பிரிந்து ஓட வேண்டும். என் நண்பர் ஒருவர் கடற்படை டேங்கரில் பல ஆண்டு இருந்தவர். எண்ணெய் ஏற்றும் ஒவ்வொரு முறையும் டெக்கில் கோடரியோடு ஓர் ஆள் நிற்பார் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

சுடும் பயிற்சிக்கு வருவோம். 1996 ஜூன் 4 அன்று ரிம்பாக்கில் நடந்தது இது. ஜப்பானின் யூகிரி என்ற நாசகாரிக் கப்பல், ஃபாலங்ஸ் என்ற தானியங்கித் துப்பாக்கியால் இலக்கைச் சுட வேண்டும். அமெரிக்காவின் ஏ-6 இன்ட்ரூடர் விமானம் நீண்ட வடத்தில் அந்த இலக்கை இழுத்துக்கொண்டு பறந்தது. துப்பாக்கி இலக்கை விட்டுவிட்டு விமானத்தையே பிடித்துச் சுட்டுவிட்டது. விமானத்தில் இருந்த இருவரும் குதித்துத் தப்பினார்கள். அவர்களைக் கடலிலிருந்து தூக்கியதும் யூகிரியின் படகுதான். உயிர்ச்சேதம் இல்லாததால் இன்று இதைப் பலர் ஒரு விநோதச் செய்தியாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நண்பனைச் சுட்டுவிடும் ஆபத்து போரில் மட்டும் வருவதில்லை, பயிற்சியிலும் வரும். எந்த நொடியில் இலக்கை இழுக்கும் விமானம் பாதுகாப்பான தூரத்தைக் கடந்தது, யார் சுட அனுமதி தந்தார் என்ற சின்ன வரிசையில் ஒரு படி முன்னே பின்னே ஆனால் போதும்.

பழைய கப்பலை உண்மையான ஏவுகணையால் அடித்து மூழ்கடிப்பதும் ரிம்பாக்கில் வழக்கம். 2024 இல் தராவா, டுபூக் என்ற இரண்டு ஓய்வுபெற்ற அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். தராவா 250 மீட்டர் நீளம். எண்ணெய், ரசாயனம் போன்றவற்றை முன்பே எடுத்துச் சுத்தம் செய்து, கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், ஆழம் குறைந்தது 6,000 அடி இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. செய்தியில் அதிகம் காட்டுவது இதைத்தான் என்பதால் நான் இதற்கு மேல் நீட்டவில்லை. 2016 இல் தாச் என்ற ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல், அடி மேல் அடி வாங்கியும் மூழ்கப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திரைப்படத்தில் ஒரே அடியில் கப்பல் மூழ்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உதவும்.

அடுத்தது, யாரை அழைக்கிறார்கள் என்ற கேள்வி. இதில் மூன்று நாடுகளின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்று நியூசிலாந்து. ஐந்து நிறுவன நாடுகளில் ஒன்று. 1984 இல் வந்த அரசு, அணு ஆயுதமோ அணுசக்தியோ உள்ள கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்று கொள்கை வகுத்து, 1985 இல் புக்கானன் என்ற அமெரிக்கக் கப்பல் வர அனுமதி மறுத்தது. அதோடு ரிம்பாக்கிலிருந்து வெளியே. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து 2012 இல் திரும்ப அழைத்தார்கள். கடலில் எல்லோரோடும் சேர்ந்து பயிற்சி செய்யலாம், ஆனால் அவர்களுடைய கப்பல்கள் பேர்ல் ஹார்பரில் நிற்கக்கூடாது! மற்ற நாட்டுக் கப்பல்களெல்லாம் கடற்படைத் தளத்தில் நிற்க, நியூசிலாந்தின் இரண்டு கப்பல்கள் ஹொனலுலுவின் பொதுத் துறைமுகத்தில் போய்க் கட்டிக்கொண்டன. அந்தத் தடை நீங்கி, 2014 இல்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு சின்ன நாடு தன் மக்கள் விரும்பிய கொள்கையை விடாமல், உறவையும் மெல்லத் திரும்பக் கட்டியது என்பதால் எனக்கு இந்தக் கதையின்மேல் மதிப்பு உண்டு.

இரண்டாவது ஜப்பான். 1980 இலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் அரசியல் சட்டம் பிற நாடுகளோடு கூட்டுப் பாதுகாப்பில் இறங்க இடம் தரவில்லை என்பது அன்றைய அரசின் விளக்கம். அதனால், நாங்கள் அமெரிக்காவோடு மட்டும்தான் பயிற்சி செய்கிறோம், மற்றவர்களோடு இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஒரே கடலில், ஒரே பயிற்சியில். அங்கிருந்து நகர்ந்து, 2024 இல் ஒட்டுமொத்தப் படையின் துணைத் தலைமையில் ஒரு ஜப்பானிய அட்மிரல் அமர்ந்தார். அதே ஆண்டு இன்னொரு துணைத் தளபதி சிலி நாட்டவர். 2018 இலேயே சிலிக்காரர் ஒருவர் கடற்பிரிவு முழுவதற்கும் கட்டளையிட்டார், ஐந்து நிறுவன நாடுகளுக்கு வெளியிலிருந்து அப்படி ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. ரிம்பாக் உண்மையிலேயே மாறுகிறதா என்று பார்க்க விரும்பினால் கப்பல் எண்ணிக்கையை எண்ணாதீர்கள். யார் யாருக்குக் கட்டளை இடுகிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது சீனா. 2014 இல் முதல்முறையாக நான்கு கப்பல்களோடு வந்தது, அதில் ஒன்று 'அமைதிப் பேழை' என்ற மருத்துவக் கப்பல். அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியதால் சில பயிற்சிகளில் மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். வேடிக்கை என்று சொல்ல முடியாத ஒன்று அப்போது நடந்தது. அழைக்கப்பட்ட நான்கு கப்பல்கள் உள்ளே இருக்க, அழைக்கப்படாத ஐந்தாவது சீனக் கப்பல், உளவுக் கப்பல், ஹவாய்க்கு வெளியே அமெரிக்காவின் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள கடல்) நின்று ஒட்டுக்கேட்டது. அன்றைய அமெரிக்கப் பசிபிக் தளபதி லாக்லியர் இதற்குக் கோபப்படவில்லை. பிற நாட்டின் பொருளாதார மண்டலத்தில் போர்க்கப்பல் இயங்கலாம் என்று நாங்கள் இத்தனை நாள் சொல்லிவந்ததை, சீனாவே செய்கையால் ஒத்துக்கொண்டுவிட்டது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். 2016 இலும் சீனா வந்தது. 2018 மே மாதம், தென்சீனக் கடலில் தீவுகளை ராணுவமயமாக்குகிறது என்று சொல்லி அழைப்பை ரத்து செய்தார்கள். 2012 இல் ரஷ்யாவின் மூன்று கப்பல்கள்கூட வந்திருந்தன என்று இன்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்.

எதிராளியை அழைப்பதில் என்ன பயன் என்று கேட்டால், நான் அழைப்பதன் பக்கம்தான் நிற்பேன். 2014 ஏப்ரலில் சீனாவின் சிங்தாவ் நகரில் கூடிய பசிபிக் கடற்படைகள், எதிர்பாராமல் கடலில் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வது என்று க்யூஸ் என்ற நடைமுறையை ஏற்றுக்கொண்டன. துப்பாக்கியை, ஏவுகணைக் குழலை மற்றவரை நோக்கித் திருப்பாதே, இந்தச் சொற்களால் பேசு என்பது போன்ற எளிய விதிகள். காகிதத்தில் இருக்கும் விதி, ஒருமுறையாவது பக்கத்தில் ஓடிப் பழகியவர்கள் கையில்தான் உயிர் பெறும். ரகசியம் கசியாதா என்றால், அதற்கும் அடுக்குகள் உண்டு. நெருங்கிய நாடுகளுக்கு ஒரு வலையமைப்பு, மற்றவர்களுக்கு வேறொன்று என்று தகவலைப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். எல்லா நாடும் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு இருக்காது.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியக் கப்பல் ரிம்பாக்குக்கு முதலில் போனது 2014 இல், ஐ.என்.எஸ். ஷிவாலிக். அதே கப்பல் 2024 இலும் போனது. இலங்கையின் கடற்படை வீரர்கள் 2018 இல் முதல்முறையாகப் பங்கேற்றார்கள். வங்காள விரிகுடாவில் இந்தியா நடத்தும் மிலன் பயிற்சி 1995 இல் அந்தமானில் தொடங்கியபோது இந்தியாவோடு இருந்த நான்கு நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1992 இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய மலபார் பயிற்சி 2007 செப்டம்பரில் ஐந்து நாடுகளோடு வங்காள விரிகுடாவில் நடந்தபோது, இடதுசாரிக் கட்சிகள் அதை எதிர்த்துச் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்குப் பிரசாரப் பயணம் போனது சிலருக்கு நினைவிருக்கலாம்.

அந்தக் கோபத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. வல்லரசின் கூட்டாளியாகிவிடுவோமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் நான் மறக்க முடியாது. நம் கரையே பிணக்காடாகக் கிடந்த அதே நாட்களில் இந்தியக் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. நிருபக் என்ற அளவைக் கப்பலை மருத்துவமனையாக மாற்றி சுமத்ராவுக்கு ஓட்டினார்கள். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் மூன்றே நாளில் ஒன்றுசேர்ந்து நிவாரணத்தைப் பங்கிட்டுக்கொண்டன. முன்பின் ஒன்றாக வேலை செய்யாதவர்களால் மூன்று நாளில் அது முடிந்திருக்காது. இன்று ரிம்பாக்கிலும் பேரிடர் நிவாரணம் தனி ஒத்திகையாகவே இருக்கிறது.

கடைசிக் கேள்வி, கடலுக்குக் கேடு இல்லையா என்பது. இருக்கிறது. ஹவாயின் கஹோஒலவே என்ற தீவை அமெரிக்கப் படை 1941 முதல் குண்டுபோடும் இலக்காக வைத்திருந்தது. ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு அது புனிதமான நிலம். அவர்கள் பல ஆண்டு போராடி, சிலர் சிறை சென்று, 1990 இல்தான் அதை நிறுத்தினார்கள். வெடிக்காத குண்டுகள் இன்றும் அங்கே மண்ணுக்குள் கிடக்கின்றன.

சோனார் இன்னொன்று. நீர்மூழ்கியைத் தேடக் கப்பல்கள் தண்ணீருக்குள் அனுப்பும் ஒலி, ஒலியாலேயே வழி கண்டு வாழும் திமிங்கிலங்களைக் கலங்கடிக்கிறது. 2004 ஜூலை 3, ரிம்பாக் நடந்துகொண்டிருந்த நேரம். ஹவாயின் காவாய் தீவில் உள்ள ஹனலேய் வளைகுடாவுக்குள், கரையிலிருந்து பார்த்தால் எண்ணிவிடும் தூரத்தில், 150 இலிருந்து 200 வரை மெலன்-ஹெடட் திமிங்கிலங்கள் வந்து நெருக்கியடித்து நின்றன. உருவத்தில் பெரிய ஓங்கல் (டால்பின்) போன்றவை, ஆழ்கடலை விட்டு வராதவை. முந்தின நாள் போர்க்கப்பல்கள் அந்தப் பக்கமாகச் சோனார் போட்டுக்கொண்டே போயிருந்தன. அமெரிக்க அரசின் கடல்வள அமைப்பு 2006 இல் தந்த அறிக்கை, சோனார் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும், அதற்கு வாய்ப்பும் உண்டு என்ற அளவுக்குச் சொன்னது. சோனாரை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் போட்ட வழக்கு 2015 இல் சமரசமாகி, ஹவாயிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் சில இடங்களில் சோனாருக்குக் கடற்படை கட்டுப்பாட்டை ஏற்றது.

அந்த ஜூலை 4 ஆம் தேதி காலையில் ஹனலேய் மக்கள் செய்ததைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. கடற்கரையில் படர்ந்திருக்கும் போஹுஏஹுஏ கொடியைப் பறித்து முறுக்கி நீளமான கயிறாகத் திரித்தார்கள். நம் ஊர் மணலில் அடம்பு என்கிறோமே, சங்கப் பாட்டில் அடும்பு என்று வருகிறதே, அதே கொடிதான். அந்தக் கயிற்றைத் துடுப்புப் படகுகளில் இழுத்துப்போய், மந்தைக்குப் பின்னால் வளைத்துப் பிடித்து, சத்தமில்லாமல், அவசரப்படாமல், அத்தனை திமிங்கிலங்களையும் வளைகுடாவின் வாய்வரை நகர்த்தி ஆழத்துக்குள் விட்டார்கள். ஒரு குட்டி மட்டும் தாயைத் தவறவிட்டுத் தங்கிவிட்டது. அடுத்த நாள் அது இறந்து கிடந்தது.